எல்க் இருக்கிறது, கொம்பனைத்தான் காணோம்: அறிகுறி பார்த்துத் தேடும் வழி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போய், ஃப்ளாட் டாப்ஸ் மலையிலிருந்து முதல் மூன்று சீசனும் வெறுங்கையோடு இறங்கியவன் நான். நான்காவது வருஷம் ஒரு பெட்டை கிடைத்தது. ஆறு கிளைக் கொம்போடு நிற்கும் முதிர்ந்த ஆணைப் பைனாகுலரில் பார்க்கவே ஏழாவது வருஷம் ஆகிவிட்டது. இப்போது நண்பர்கள் முகாமிலிருந்து சாட்டிலைட் கருவியில் செய்தி அனுப்புகிறார்கள். வருஷாவருஷம் அதே வாசகங்கள்தான்: "ஒண்ணுமே இல்லடா", "பெட்டை மட்டும் நாப்பது", "சத்தம் கேக்குது, வரமாட்டேங்குது". அவர்களுக்குத் திருப்பித் திருப்பி எழுதிய பதில்களைத்தான் இங்கே அறிகுறி வாரியாக அடுக்கியிருக்கிறேன்.

கொம்பன் என்று நான் சொல்வது ஐந்து வயது தாண்டிய ஆண் எல்க்கை. உயிர் எடை 300 கிலோவுக்கு மேல். நம்மூர் மிளாவுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மிளாவைத் தொட்டால் 1972-ஆம் வருஷச் சட்டம் உள்ளே தள்ளும். இங்கே வேட்டை லைசென்ஸ் பணம்தான் வனவிலங்குத் துறைக்குப் பெரும்பங்கு சோறு போடுகிறது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: இன்று என்ன தேதி?

எனக்கு வரும் புகார்களில் பாதிக்கும் மேல் இங்கேயே முடிந்துவிடும். பலர் தேடும் இடம் சரியாகத்தான் இருக்கும், தேதிதான் பொருந்தாது. செப்டம்பரில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு நவம்பரில் அதே புல்வெளியில் போய் உட்காருவார்கள்.

- செப்டம்பர் (வில், வாய்வழி மருந்து திணிக்கும் மஸில்லோடர் துப்பாக்கி சீசன்): இணை சேரும் காலம். கொம்பன் பெட்டைகளோடு இருக்கும், கூவும். செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி உச்சம்.
- அக்டோபர் நடு (முதல் ரைஃபிள் சீசன்): கூவல் அடங்குகிறது. சில கொம்பன்கள் இன்னும் மந்தையில், சில ஏற்கெனவே பிரிந்து போயிருக்கும்.
- அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை (இரண்டாம், மூன்றாம் ரைஃபிள்): கொம்பன் தனியாகவோ இரண்டு மூன்று ஆண்களோடோ ஒதுங்கிக் கிடக்கும். பெட்டைகளைத் தேடினால் பெட்டைகள்தான் கிடைக்கும்.
- நவம்பர் பிற்பகுதி (நான்காம் ரைஃபிள்): எல்லாவற்றையும் பனியின் ஆழம்தான் முடிவு செய்யும்.

சீசன் தேதிகளும் எந்த யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதிக்கு) எந்த டேக் (சுடும் அனுமதிச் சீட்டு) என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வருஷத்துக் கையேட்டைப் பாருங்கள், போன வருஷத்து நினைவை நம்ப வேண்டாம்.

## அறிகுறி 1: நாள் முழுக்க ஒன்றுமே கண்ணில் படவில்லை

நீங்கள் தாமதமாகப் போகிறீர்கள். செலவே இல்லாத காரணம், அதனால் முதலில் இது. கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம். கொம்பன் மேய்ச்சலை விட்டுக் காட்டுக்குள் நுழைவதும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். கூடாரத்தில் காபி குடித்து முடித்து ஏழரைக்குக் கிளம்பினால் கதை முடிந்துவிட்டிருக்கும். வெளிச்சம் வரும்போது நீங்கள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தாகி, வியர்வை ஆறியிருக்க வேண்டும்.

பார்க்காமல் நடக்கிறீர்கள். 10x42 பைனாகுலரை ஒரு முக்காலியில் மாட்டி எதிர்ச்சரிவைக் கட்டம் கட்டமாக ஒரு மணி நேரம் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். மரங்களுக்கு இடையில் படுக்கை வாட்டில் ஒரு கோடு தெரிகிறதா? அது முதுகாக இருக்கலாம். வெண்ணெய் நிறத்தில் ஒரு திட்டா? அது பின்புறம். 'வாபிட்டி' என்ற ஷானி மொழிப் பெயருக்கே வெள்ளைப் பின்புறம் என்றுதான் பொருள்.

தடம் பழையது. புழுக்கையைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள். மேலே பளபளப்பும் உள்ளே ஈரமும் பச்சையும் இருந்தால் இன்றைக்கோ நேற்றைக்கோ போட்டது. வெளுத்து நார் நாராக உதிர்ந்தால் அது கோடைக்காலத்து விலாசம். அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். பொதுநிலத்தில் மாடு மேய்ப்பதும் உண்டு. குளம்படி உருண்டையாக, அகலமாக, பக்கத்திலேயே சாணத்தோடு இருந்தால் நீங்கள் யாரோ ஒருவருடைய பசுமாட்டைப் பின்தொடர்ந்து கொண்டிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், நான் முக்கால் மைல் போயிருக்கிறேன்.

சாலைக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறீர்கள். ஆரிகனில் ஸ்டார்க்கி என்ற வேலியிட்ட ஆய்வுக்காட்டில் எல்க்குகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பல வருஷம் பார்த்தார்கள். நடப்பவர், குதிரையில் போகிறவர், சைக்கிள்காரர், நாலு சக்கர ஏடிவி ஆகியவற்றில் எல்க்கை அதிகம் விரட்டியது ஏடிவிதான். வரைபடத்தில் ஏடிவி பாதைகள் எல்லாவற்றுக்கும் இருபுறமும் ஒரு மைல் அகலத்துக்குக் கோடு போட்டுக் கழியுங்கள். மிச்சம் இருக்கும் இடம் பயமுறுத்தும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். அங்கேதான் வேலை.

உயரம் தப்பு. பனி இல்லாத அக்டோபரில் 9,000 அடிக்குக் கீழே பொதுநிலத்தில் கொம்பனைத் தேடுவது பெரும்பாலும் வீண். 10,000 அடியை ஒட்டி ஆரம்பித்து மேலே பாருங்கள், மர எல்லை சுமார் 11,500 அடியில் முடிகிறது. தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். தலைவலி, வாந்தி என்றால் தேடலை நிறுத்தி இறங்குங்கள். இறங்கியும் குறையவில்லை, நடை தள்ளாடுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அவசர உதவிக்கு 911. மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், தேடி மீட்பதற்குக் காசு கேட்பதில்லை. உங்கள் லைசென்ஸ் கட்டணத்திலேயே அந்த நிதிக்கு ஒரு சில்லறை போகிறது.

இத்தனையும் பார்த்து மூன்று நாள் ஆகியும் ஒரு புதுப் புழுக்கை இல்லையென்றால் அந்த யூனிட்டுக்குப் பொறுப்பான வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். உயிரியலாளரோ அதிகாரியோ எடுப்பார். "எல்க் எங்கே?" என்று கேட்டால் ஒரு மலைத்தொடரின் பெயரைச் சொல்லி வைத்துவிடுவார்கள். "இந்த இரண்டு ஓடைகளில் எதில் இந்த வாரம் ஆள் குறைவு?" என்று கேளுங்கள். இது இலவச ஆலோசனை, ஆனால் கேட்கிறவர்கள் வெகு குறைவு.

## அறிகுறி 2: பெட்டைகளும் கன்றுகளும் நிறைய, கொம்பன் மட்டும் இல்லை

இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

செப்டம்பராக இருந்தால் காத்திருங்கள். கொம்பன் மந்தையின் ஓரத்தில், மர நிழலில் நிற்கும். கடைசிப் பெட்டை காட்டுக்குள் போன பிறகு பத்து நிமிஷம் கழித்து வாலாக வரும். பைனாகுலரைச் சீக்கிரம் இறக்கியதால் நான் இழந்தவை உண்டு.

அக்டோபர் கடைசி என்றால் மந்தையை மறந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒரு மாதம் தின்னாமல், தூங்காமல், சண்டை போட்டு உடம்பு எடையில் கணிசமாக இழந்த மிருகம் அது. பனிக்காலத்துக்குள் தேற வேண்டும். அதற்குத் தேவையெல்லாம் கொஞ்சம் புல், கொஞ்சம் தண்ணீர், படுக்க இருட்டு, மனித வாடை இல்லாத நிம்மதி. இந்த நான்கும் சில நூறு மீட்டருக்குள் கிடைத்தால் அங்கிருந்து நகராது. நாலு நாள் ஒரே குழியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட குழியை வரைபடத்தில் கண்டுபிடிக்கும் முறை:

வடக்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளைக் குறியுங்கள். அவற்றில் ஸ்புரூஸ், ஃபர் மரங்கள் அடர்ந்த பகுதியை மட்டும் வையுங்கள். சரிவின் நடுவில் உயரக் கோடுகள் விலகி ஒரு சின்னத் தட்டு தெரிகிறதா பாருங்கள். மேலேயிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருந்தால் விசேஷம். அந்தத் தட்டிலிருந்து கால் மைலுக்குள் வீட்டு முற்றம் அளவுக்கு ஒரு புல்திட்டு இருக்க வேண்டும். பெரிய புல்வெளி வேண்டாம், பெரிய புல்வெளி பெட்டைகளுக்கு. இவ்வளவும் பொருந்தி, அங்கே போவதை நினைத்தாலே உங்களுக்குச் சலிப்பு வந்தால், இடம் சரி. விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் சரிவை மற்ற வேட்டைக்காரர்களும் அதே சலிப்போடுதான் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள்.

இன்னொரு வகை, எரிந்த காட்டின் ஓரம். 2020-இல் கேமரன் பீக் தீ இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது, ஈஸ்ட் ட்ரபிள்சம் தீ கிட்டத்தட்ட அதே அளவு. எரிந்த இடத்தில் சில வருஷத்தில் புல்லும் இளஞ்செடியும் நெருங்கி வளரும். எரிந்த பகுதியின் நடுவில் மறைவு இல்லை. எரியாமல் தப்பிய பச்சைத் திட்டு எரிந்த பகுதிக்குள் நாக்கு போல நீளும் இடத்தைப் பாருங்கள்.

சரிபார்க்கும் தடயங்கள்: தனித்த பெரிய குளம்படி, நான்கரை அங்குலம் அல்லது மேல். பனியில் சிறுநீர் பின்னங்கால் தடங்களுக்கு முன்னால் விழுந்திருந்தால் ஆண், பின்னால் விழுந்திருந்தால் பெட்டை. தடம் நெருக்கமான இரு மரங்களுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போகிறதா? தலையில் அகலமான சுமை இருக்கிறது. கைத்தண்டைவிடப் பருத்த மரங்களில் பட்டை உரிந்திருந்தால் செப்டம்பரில் பெரிய ஆண் ஒன்று அங்கே இருந்தது என்று அர்த்தம், இப்போது இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு தடயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

## அறிகுறி 3: கூவல் கேட்கிறது, நான் கூப்பிட்டால் விலகிப் போகிறது

நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குழலை ஊதினால், எங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று மலை முழுக்கத் தெரியும்.

தூரத்திலிருந்து சவால் விடுகிறீர்கள். சுற்றிப் பத்துப் பெட்டைகள் இருக்கும் கொம்பனுக்குச் சண்டையில் லாபமே இல்லை. அரை மைல் தள்ளி ஒரு ஆண் கூவினால் பெட்டைகளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். வாயைப் பொத்திக்கொண்டு நூறு மீட்டருக்குள் போய்விடுங்கள். அதன் கூவலே உங்களுக்கு வழிகாட்டி. அந்த நெருக்கத்தில் பெட்டையின் மெல்லிய குரலில் ஒருமுறை கூப்பிட்டால், அது திரும்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது.

வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்றால் நீங்கள் உட்கார்ந்த இடம் பிசகு. சத்தம் வந்த இடத்தில் பெட்டை இல்லையே என்று அது நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுகிறது. கூப்பிடுகிறவர் ஐம்பது மீட்டர் பின்னால், வில்லாளி முன்னால், இருவருக்கும் நடுவே ஒரு மேடோ புதரோ இருக்கட்டும். தனி ஆளாக இருந்தால் கூப்பிட்டுவிட்டு உடனே முன்னே நகருங்கள்.

## அறிகுறி 4: சின்னக் கொம்புகள்தான் தென்படுகின்றன

கொலராடோவின் பல யூனிட்டுகளில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது, அல்லது கண்ணுக்கு மேல் நீளும் கிளை ஐந்து அங்குலமாவது இருந்தால்தான் ஆண் எல்க்கைச் சுடலாம். யாருக்கும் டேக் கிடைக்கும் யூனிட்டில் அந்த அளவை எட்டிய ஆண் இரண்டு மூன்று வயதிலேயே யாருடைய ஃப்ரீசருக்காவது போய்விடும். ஐந்து வயதைத் தாண்டுவது, மேலே சொன்ன சலிப்பூட்டும் குழிகளில் கிடக்கக் கற்றுக்கொண்ட சிலது மட்டும்.

ஆகவே முதலில் குழிகளை மாற்றிப் பாருங்கள், பிறகு யூனிட்டை. அதற்கும் மேலே போனால் வருஷா வருஷம் முன்னுரிமைப் புள்ளி சேர்த்துக் குலுக்கலில் நல்ல யூனிட் கேட்பது. வடமேற்கு மூலையில் இருக்கும் 2, 10, 201 போன்றவற்றுக்கு இருபது வருஷத்துக்கு மேல் புள்ளி சேர்த்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்றைக்குச் சேர ஆரம்பித்தால் ஓய்வூதியத்தோடு சேர்த்து அதுவும் வரும். எனக்குப் பொறுமை இல்லை. கிடைக்கிற நான்கு கிளையை எடுத்துக் குழம்பு வைத்துவிடுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1978-இல் நார்த் பார்க்கில் கொண்டுவந்து விட்ட மூஸ் என்ற இன்னொரு பெரிய மான் பெருகி இப்போது பல மலைகளில் இருக்கிறது. எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிட்டு வழக்கில் மாட்டுகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். உடம்பு முழுக்க ஒரே கருமை, தொங்கும் மூக்கு, வெள்ளைப் பின்புறம் இல்லை என்றால் விரலை விசையிலிருந்து எடுங்கள்.

## அறிகுறி 5: இருந்த இடத்துக்குப் போனால் படுக்கை சூடாக இருக்கிறது, ஆள் இல்லை

காற்று. வேறு காரணம் தேட வேண்டாம்.

விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும், சுமார் ஒன்பது பத்து மணிக்கு, ஏற ஆரம்பிக்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். ஆகவே காலையில் மானுக்குக் கீழே இருங்கள், காற்று திரும்பியதும் மேலே இருங்கள். திரும்பும் அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பக்கமும் நகராதீர்கள், காற்று சுழலும். பஞ்சுத் துணுக்கோ பவுடர் குப்பியோ சட்டைப் பையில் இருக்கட்டும். ஐம்பது தப்படிக்கு ஒருமுறை விட்டுப் பாருங்கள். காற்று பிசகினால் அன்றைக்கு அந்தக் குழிக்குள் போகாதீர்கள். கண்ணில் பட்டாலும் சத்தம் கேட்டாலும் கொம்பன் சில நேரம் நின்று பார்க்கும், உங்கள் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் அடுத்த மலைக்குப் போய்விடும். வாடையை மறைக்கும் ஸ்பிரே வாங்கிப் பார்த்தேன். பணம் போனது.

## அறிகுறி 6: வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது

சீசன் தொடங்கி இரண்டாம் நாளே மந்தைகள் தனியார் புல்நிலத்துக்கு இறங்கிவிடுவது வழக்கம். ஆன்எக்ஸ் போன்ற செயலியில் எல்லையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். கொலராடோவில் நிலத்துக்காரர் பலகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பலகை இல்லை என்பது சாக்காகாது. புல்நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவில் பொதுநிலத்துக் கணவாய் இருந்தால் மாலைக்குக் காவல் இருக்கலாம். அனுமதி கேட்பதாக இருந்தால் சீசனில் துப்பாக்கியோடு கதவைத் தட்டாமல், ஜூலையில் போய்க் கேளுங்கள்.

## அறிகுறி 7: பனி கொட்டியது, மலையே காலி

ஒன்றரை அடிப் பனிக்குப் பெட்டைகளும் கன்றுகளும் இறங்கத் தொடங்கும். அவற்றின் தடத்தைப் பார்த்து எல்லோரும் கீழே ஓடுவார்கள். கால் நீளமான கொம்பன் இன்னும் சில நாள் மேலேயே தாக்குப் பிடிக்கும். காற்று பனியைத் துடைத்த முகடுகளையும் தெற்கு பார்த்த சரிவின் புல்லையும் பாருங்கள். வயிறு தட்டும் ஆழம் வந்தால் அதுவும் இறங்கும். பெட்டைகள் போன பாதையில் அல்ல, பெரும்பாலும் முகட்டை ஒட்டி. புயல் ஓய்ந்த முதல் காலைதான் வருஷத்தின் சிறந்த காலை, மேய வெளியே வந்தே ஆகும். ஆனால் சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி இல்லாத வண்டியை மேலே நிறுத்திவிட்டு அந்தக் காலைக்காகக் காத்திருக்காதீர்கள்.

## அறிகுறி 8: கொம்பன் கண்ணெதிரே நிற்கிறது, சுடலாமா என்று தெரியவில்லை

ரைஃபிள் சீசனில் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ உடம்பிலும், அதே நிறத்தில் தொப்பி தலையிலும் இருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு. நம் ஆட்கள் பலர் லைசென்ஸ் வாங்குமுன்பே துப்பாக்கிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். குழப்பம் இருந்தால் வக்கீலுக்கு நூறு டாலர் கொடுப்பது மலிவு.

அடுத்தது கணக்கு. எலும்பு நீக்கினாலும் முதிர்ந்த கொம்பனில் நூறு கிலோவை ஒட்டி இறைச்சி தேறும். தலையோடு கொம்பு தனி. ஆளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோ என்றால் தனி ஆளுக்கு ஐந்து சுமை. வண்டி ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் போக வர ஐம்பது கிலோமீட்டர், அதுவும் 10,000 அடியில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி. அக்டோபர் மதியம் வெயில் அடித்தால் பின்தொடை எலும்பை ஒட்டிய இறைச்சி அன்றிரவே கெட ஆரம்பிக்கும். இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது இங்கே பெருங்குற்றம்.

இரண்டு பேருக்கு ஒன்றரை நாளில் முடியாத தூரம் என்றால் குதிரையோ லாமாவோ வைத்திருக்கும் சுமைக்காரர் வேண்டும். மாநிலத்தில் பதிவு பெற்றவரா, அந்தத் தேசியக் காட்டில் வேலை செய்ய அனுமதி உள்ளவரா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். சீசன் நடுவில் கூப்பிட்டால் "நாளை மறுநாள் பார்க்கலாம்" என்பார். ஆகஸ்டிலேயே பேசி, கட்டணத்தையும் எந்த ஓடை வரை குதிரை வரும் என்பதையும் எழுதி வாங்கி, அந்த எண்ணைச் சாட்டிலைட் கருவியில் ஏற்றிவிடுங்கள். அவர் குதிரை வராது என்று சொன்ன குழியில் எவ்வளவு பெரிய கொம்பன் நின்றாலும் நான் படம் மட்டும்தான் எடுக்கிறேன்.